ஆட்டுக்குட்டி பிடிக்கும் கயோட்டிக்கு எந்தத் தோட்டா?

மத்திய டெக்சாஸின் மலைப்பாங்கான ஹில் கன்ட்ரி பக்கம் 12 ஏக்கர் வாங்கிப் பதினான்கு ஆடு வளர்க்கிறீர்கள். இரண்டு மாதத்தில் மூன்று குட்டிகள் போய்விட்டன. பக்கத்து நிலத்துக்காரர் .22 போதும் என்கிறார், துப்பாக்கிக் கடையில் 6.5 கிரீட்மோர் என்ற பெரிய ரகத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். கயோட்டி (ஓநாய்க்கு உறவான அமெரிக்கக் காட்டு விலங்கு) வதைபடாமல் சாக வேண்டும், அதற்கு எந்தக் கேலிபர் (குண்டின் விட்ட அளவு) வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேலிபர் என்று எழுதியிருந்தாலும், "சுட்டால் அங்கேயே முடிய வேண்டும், காயத்தோடு ஓடிப்போய் நாள்கணக்கில் புழுத்துச் சாகக் கூடாது" என்பதுதான் உங்கள் கவலை என்று எனக்குப் படுகிறது. அந்தக் கவலைக்கே பதில் சொல்கிறேன். கேலிபர் அதில் ஒரு பகுதி.

நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவன். பதினேழு வருடமாக சான் ஏஞ்சலோவைச் சுற்றியுள்ள ஆட்டுப் பண்ணைகளில் வேலை பார்க்கிறேன். கயோட்டி கடித்த ஆடுகளுக்குத் தையல் போட்டிருக்கிறேன். ஆட்டுக்காரர்கள் சுட்ட கயோட்டிகளை அறுத்துப் பார்த்திருக்கிறேன், நானும் சுட்டிருக்கிறேன். நான் சொல்லப்போவதெல்லாம் மேற்கு, மத்திய டெக்சாஸ் அனுபவம். இங்குள்ள கயோட்டி பெரும்பாலும் 10 முதல் 16 கிலோ, நம் ஊர் நாட்டு நாய் அளவு. வடகிழக்கு மாநிலங்களில் ஓநாய் ரத்தம் கலந்தவை 20 கிலோவையும் தாண்டும். அங்கே இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமான பதில் முதலில்: .223 ரெமிங்டன், 50 அல்லது 55 கிரெய்ன் (பதினைந்து கிரெய்ன் ஏறக்குறைய ஒரு கிராம்) எடையில் உள்ளே போய் விரியும் குண்டு, 150 கெஜத்துக்குள். உங்கள் நிலத்துக்கும், புதிதாகச் சுடப் பழகுபவருக்கும் இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து கிடையாது. ஏன் என்று சொன்னால்தான், கடைக்காரர் வேறொன்றைக் காட்டும்போது நீங்களே முடிவெடுக்க முடியும்.

துப்பாக்கிப் பேச்சில் இரண்டு சொற்கள் குழம்பிப் போகும். தோட்டா என்பது பித்தளைக் கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்பது குழல் வழியாகப் பறந்து போகும் துண்டு மட்டும். .22 லாங் ரைஃபிள், .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன் இந்த மூன்றின் குண்டும் ஏறக்குறைய ஒரே விட்டம்தான், 5.7 மில்லிமீட்டர். கேலிபரை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்று என்று தோன்றும். ஆனால் .22 லாங் ரைஃபிளின் 40 கிரெய்ன் குண்டு நொடிக்குச் சுமார் 1,250 அடி வேகத்தில் கிளம்புகிறது, குழல் வாயில் அதன் ஆற்றல் 140 அடி-பவுண்டு அளவு. .223இன் 55 கிரெய்ன் குண்டு 3,240 அடி வேகத்தில் கிளம்புகிறது, ஆற்றல் 1,280 அளவு. 200 கெஜம் போன பிறகும் அதில் 760 அளவு மிச்சம் இருக்கும். அதாவது .22 குழலை விட்டு வெளியே வரும்போது இருப்பதைப்போல ஐந்து மடங்கு. பக்கத்து நிலத்துக்காரர் ".22" என்று சொன்னது எதை என்று முதலில் கேளுங்கள். இங்கே .223ஐயும், .22-250ஐயும்கூடப் பேச்சு வழக்கில் ".22" என்று சொல்பவர்கள் உண்டு.

அவர் சொன்னது சாதாரண .22 லாங் ரைஃபிள்தான் என்றால், வேண்டாம். அதனால் கயோட்டியைக் கொல்லவே முடியாது என்று சொல்ல வரவில்லை. பொறியில் மாட்டிய கயோட்டியை இரண்டு மூன்று அடி தள்ளி நின்று மூளையில் சுட அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், அங்கே அது வேலை செய்கிறது. வெட்டவெளியில் 80 கெஜத்தில் நிற்கும் விலங்குக்கு அது போதாது. விலா எலும்பில் பட்டாலே திசை மாறலாம். நுரையீரலுக்குள் போனாலும் பென்சில் நுழைந்த மாதிரி ஒரு சின்னத் துளைதான் விழும், விலங்கு அரை மைல் ஓடிவிடும். பழுது சிறியதாக இருந்தால் ரத்தம் மெதுவாக வடியும், சாவும் மெதுவாக வரும்.

.17 எச்எம்ஆர், .22 மேக்னம் இரண்டும் அதற்கு அடுத்த படி. இங்கேதான் நான் தப்பு செய்தேன். மூன்றாவது வருடம் என்று ஞாபகம், குட்டி போடும் காலத்தில் ஒரு பண்ணைக்காரருக்கு உதவியாக .17 எச்எம்ஆர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 17 கிரெய்ன் குண்டு, ஒரு கிராமுக்குச் சற்று மேல். கிளம்பும்போது வேகம் 2,550 அடி, பெட்டியில் படித்தபோது நல்ல வேகமாகத்தான் தெரிந்தது. கயோட்டி 130 கெஜத்தில் நின்றது. தோளில் பட்டது, சுழன்று விழுந்தது, எழுந்து ஓடிவிட்டது. இருட்டும்வரை தேடினேன். மறுநாள் காலையில் கழுகுகள் இறங்கிய இடத்தில் கிடந்தது, செத்து வெகுநேரம் ஆகியிருக்கவில்லை. அறுத்துப் பார்த்தேன். தோள்பட்டை எலும்பில் மோதியதுமே குண்டு தூளாகிவிட்டது. மேலே உள்ளங்கை அகலத்துக்குச் சதை பிய்ந்திருந்தது, நுரையீரலில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு ராத்திரி முழுக்க அது அப்படிக் கிடந்திருக்கிறது. அதற்கப்புறம் அந்தத் துப்பாக்கியைக் கயோட்டிக்கு எடுத்ததே இல்லை. 70 கெஜத்துக்குள், பக்கவாட்டில் நிற்கும்போது, எலும்பைத் தவிர்த்துச் சுடத் தெரிந்தவர்கள் கையில் அது வேலை செய்யும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் வதை விலங்குக்கு.

உடம்பு எப்படிச் சாகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். மூளையோ கழுத்துத் தண்டுவடமோ சிதைந்தால் விலங்கு அந்த இடத்திலேயே விழும். மற்ற எல்லா இடத்திலும் ரத்த அழுத்தம் வீழ்ந்து, மூளைக்குப் பிராணவாயு நின்று, அப்புறம்தான் நினைவு தப்பும். இதயமோ இரண்டு நுரையீரலுமோ நன்றாகக் கிழிந்தால் பத்துப் பதினைந்து நொடிக்குள் அது நடக்கும். அந்த நொடிகளில் விலங்கு ஐம்பது கெஜம் ஓடவும் கூடும். வயிற்றில் பட்டால் மணிக்கணக்கு, சில நேரம் நாள்கணக்கு. இவ்வளவும் உறுதியாகத் தெரிந்தது. வேகமான குண்டு உண்டாக்கும் அழுத்த அலையே மூளையைத் தாக்கி உடனே வீழ்த்திவிடும் என்று வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். அதிவேகத் தோட்டாக்களில் கயோட்டி நின்ற இடத்தில் சுருண்டு விழுவதை நானும் பார்த்திருக்கிறேன். அது அழுத்த அலையின் வேலையா, சிதறிய துண்டுகளில் ஒன்று தண்டுவடத்தைத் தொட்டதா என்பதில் ஆராய்ந்தவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அதை நம்பித் தோட்டா வாங்காதீர்கள். நெஞ்சுக்கூட்டின் நடுவரை போய் அங்கே பெரிதாகக் கிழிக்கும் குண்டா, அதை மட்டும் பாருங்கள்.

ஆகவே குண்டின் வகைதான் கேலிபரைவிட முக்கியம். .223 வாங்கிவிட்டு, மலிவாகக் கிடைக்கிறதே என்று முழு உலோக உறை போட்ட பயிற்சித் தோட்டாவைப் போட்டால் .223 வாங்கியதே வீண். அது விரியாது. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும், பின்னால் என்ன இருக்கிறதோ அதிலும் போய்ப் படும். அதைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கயோட்டிக்கு, முனையில் பிளாஸ்டிக் கூர் வைத்த, உள்ளே போனதும் உடைந்து விரியும் குண்டு வேண்டும். ஹார்னடியின் வி-மேக்ஸ், நாஸ்லரின் பாலிஸ்டிக் டிப் வார்மின்ட், சியராவின் பிளிட்ஸ்கிங் எல்லாம் இந்த ரகம். 55 கிரெய்ன் என்றால் மூன்றரை கிராம். பதினைந்து கிலோ விலங்கின் விலாவைத் தாண்டி நெஞ்சுக்குள் போகும் அளவு எடை அதில் இருக்கிறது, அந்தப் பக்கம் போகாமல் பெரும்பாலும் உள்ளேயே நின்றுவிடும். இதே ரகத்தில் 35, 40 கிரெய்ன் குண்டுகள் இன்னும் வேகமாகப் போகும், தோலுக்கு அவ்வளவு சேதம் வராது என்று ரோமத்துக்காக வேட்டையாடுபவர்கள் விரும்புவார்கள். நீங்கள் ரோமம் விற்கப்போவதில்லை. மிக லேசான குண்டு தோள் எலும்பில் பட்டால் என் .17இல் நடந்தது மாதிரி மேலேயே வெடித்துவிடும் ஆபத்து உண்டு. 50க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து.

ஈயம் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் குண்டுகளின் உள்ளே இருப்பது ஈயம், உடையும்போது பொடிப்பொடியாகச் சதையில் தங்கிவிடும். செத்த கயோட்டியைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகளும், கரகரா பருந்தும், குளிர்காலத்தில் வரும் தங்கக் கழுகும் அந்த ஈயத்தையும் சேர்த்து விழுங்கும். ஈய நஞ்சு ஏறிய கழுகு தலையைக்கூட நிமிர்த்த முடியாமல் கிடப்பதைப் பார்த்தால் உங்களுக்கே தாங்காது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்தக் காட்டு விலங்கைச் சுட்டாலும் ஈயமில்லாத குண்டுதான் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. டெக்சாஸில் அப்படிக் கட்டாயம் இல்லை. செம்புக் குண்டு வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால், செத்ததை அப்படியே போடாமல் ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள்.

இப்போது பெரிய தோட்டாக்கள். .22-250 கயோட்டி வேட்டைக்காரர்களின் செல்லப்பிள்ளை. .250 சாவேஜ் கூட்டின் கழுத்தைச் சுருக்கிப் பல வருடம் அவரவர் கைப்பாடாகச் செய்துகொண்டிருந்ததை ரெமிங்டன் 1965இல் கடைக்குக் கொண்டுவந்தது. அதே 55 கிரெய்ன் குண்டை 3,680 அடி வேகத்தில் அனுப்பும். 300 கெஜத்தில் பரந்த சமவெளியில் சுடுபவருக்கு அது அருமையான கருவி. .204 ரூகர் 2004இல் வந்தது, 32 கிரெய்ன் குண்டை 4,200 அடிக்கு மேல் தள்ளும், பின்னுதைப்பு ரொம்பக் குறைவு. .243 வின்செஸ்டரில் லேசான குண்டு போட்டுக் கயோட்டியும், 100 கிரெய்ன் போட்டு மானும் சுடலாம், காற்றையும் நன்றாகத் தாங்கும். ஒரே துப்பாக்கியில் இரண்டு வேலையும் நடக்க வேண்டும் என்றால் அதை யோசிக்கலாம். 6.5 கிரீட்மோர், .308 இரண்டும் மானுக்கும் அதைவிடப் பெரியதற்கும் செய்தவை. அவற்றில் மான் குண்டு போட்டுச் சுட்டால் கயோட்டி சாகும், சந்தேகமில்லை. ஆனால் மெல்லிய உடம்பில் அந்தக் கனமான குண்டு விரிய நேரம் போதாமல் ஊடுருவிப் போய்விடலாம், அப்படிப் போகும் குண்டில் நிறைய ஆற்றல் மிச்சம் இருக்கும். உங்கள் பன்னிரண்டு ஏக்கரில் அதுதான் பிரச்சினை.

12 ஏக்கரைச் சதுரமாக நினைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் 240 கெஜம்தான் வரும். நடுவில் பட்டி இருந்தால் எந்தத் திசையில் சுட்டாலும் 120 கெஜத்தில் வேலி. டெக்சாஸ் சட்டப்படி வேட்டையில் சுட்ட குண்டு அடுத்தவர் அனுமதி இல்லாமல் நில எல்லையைத் தாண்டினாலே குற்றம். .22 லாங் ரைஃபிள் குண்டே ஒரு மைலுக்கு மேல் போகும், .223 அதற்கும் மேல். ஆகவே 300 கெஜத்துக்குச் செய்த தோட்டா உங்களுக்குப் பயன்படவே படாது, பின்னால் மண் மேடு இல்லாத இடத்தில் எந்தத் தோட்டாவும் கூடாது. உடையும் ரகக் குண்டு தரையில் பட்டால் பெரும்பாலும் அங்கேயே நொறுங்கிவிடும். .22 லாங் ரைஃபிளின் மெதுவான ஈயக் குண்டோ கல்லில் பட்டுத் தெறித்துப் போவதில் பேர்போனது. ஹில் கன்ட்ரியில் சுண்ணாம்புக் கல் இல்லாத இடம் எங்கே இருக்கிறது? நொறுங்கும் என்பது உத்தரவாதம் அல்ல, வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே பகலில் நிலத்தைச் சுற்றி நடந்து, எந்த இடத்தில் உட்கார்ந்தால் குண்டு கீழ்நோக்கிப் போய் உங்கள் சொந்த மண்ணிலேயே இறங்கும் என்று பார்த்து வையுங்கள். அப்படி ஒரு இடம்கூட அமையவில்லை என்றால் ரைஃபிளை மறந்துவிட்டு, 40 கெஜத்துக்குள் பெரிய ரவை போட்ட ஷாட்கன் பற்றியோ, மாவட்ட வனவிலங்குச் சேவை ஆளை அழைப்பது பற்றியோ யோசிக்க வேண்டியதுதான்.

பின்னுதைப்பு பற்றியும் சொல்ல வேண்டும், புதியவருக்கு இது பெரிய விஷயம். .308 தோளில் கொடுக்கும் இடி .223ஐப்போல நான்கைந்து மடங்கு. அந்த இடிக்குப் பயந்து விசையை அழுத்தும் முன்பே கண் மூடும், தோள் துள்ளும். 100 கெஜத்தில் அது நான்கு அங்குல விலகல், நெஞ்சுக்குப் போக வேண்டியது வயிற்றுக்குப் போய்விடும். .223இல் சுட்ட பிறகும் ஸ்கோப்பில், அதாவது துப்பாக்கி மேல் உள்ள குறிநோக்கியில், விலங்கு தெரிந்துகொண்டே இருக்கும். எங்கே பட்டது, விழுந்ததா, எழுகிறதா என்று பார்த்து உடனே இரண்டாவது குண்டு போடலாம். தோட்டாவும் விலை குறைவு, அதனால் நிறையப் பழகலாம். வதையில்லாத சாவுக்கு .223ஐ நான் முதலில் சொல்வது முக்கியமாக இந்தக் காரணத்தால்தான்.

வாங்கும்போது குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள். ".223" என்று மட்டும் இருந்தால் ராணுவ ரகமான 5.56 நேட்டோ தோட்டாவை அதில் போடக் கூடாது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், 5.56இன் அழுத்தம் கூடிவிடலாம். 5.56 என்று பொறித்த துப்பாக்கியில் .223 தாராளமாகப் போடலாம். குழலுக்குள் இருக்கும் முறுக்கின் எண்ணும் பக்கத்தில் இருக்கும். 1:9 என்றால் ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சுற்று, 50, 55 கிரெய்னுக்கு அது நன்றாகப் பொருந்தும். பழைய .22-250 துப்பாக்கிகள் பல 1:14 முறுக்கு, அவற்றில் நீளமான கனக் குண்டு நிலையாகப் பறக்காது. செம்புக் குண்டு அதே எடைக்கு ஈயத்தைவிட நீளமாக இருக்கும், ஆகவே அதை வாங்கும்போதும் முறுக்கைப் பாருங்கள். குழல் 16 அங்குலம் என்றால் பெட்டியில் போட்ட வேகத்தில் இருநூறு அடிக்கு மேல் குறையும். உங்கள் தூரத்துக்கு அது ஒரு பொருட்டல்ல.

சரி, எங்கே சுடுவது. குளிர்கால ரோமத்தில் கயோட்டி பெரிதாகத் தெரியும், உள்ளே உடம்பு ஒடிசல். பக்கவாட்டில் நிற்கும்போது இதயமும் நுரையீரலும் சேர்ந்து காபி டபரா வாய் அளவுதான், நான்கு அங்குலம். முன்னங்காலின் முழங்கை மடிப்புக்குச் சற்றே பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அதுதான் குறி. தோளின் கனத்த எலும்பைத் தவிர்க்கிறோம், வயிற்றிலிருந்தும் தள்ளி நிற்கிறோம். தலையைக் குறிவைக்காதீர்கள். மூளை சிறியது, தலை எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும், இரண்டு அங்குலம் விலகினால் தாடை உடைந்த விலங்கு தின்ன முடியாமல் வாரக்கணக்கில் இளைத்துச் சாகும். அப்படி ஒன்றை நான் கருணைக்கொலை செய்திருக்கிறேன், எலும்பும் தோலுமாக இருந்தது. ஓடும்போது சுடாதீர்கள். வாயால் நாய் மாதிரி ஒரு சின்னக் குரைப்புக் கொடுத்தால் பெரும்பாலும் நின்று திரும்பிப் பார்க்கும், அந்த இரண்டு நொடி போதும். உங்களைப் பார்த்து நேராக நிற்கும்போதோ, பின்பக்கம் காட்டி நிற்கும்போதோ புதியவர்கள் விட்டுவிடுவதே நல்லது.

உங்கள் தூரம் எவ்வளவு என்பதைத் தோட்டா தீர்மானிப்பதில்லை, இந்தச் சோதனைதான் தீர்மானிக்கும்: பெஞ்ச் இல்லாமல், தரையில் உட்கார்ந்து, தாங்குகோல் மட்டும் வைத்து, ஐந்து குண்டு சுடுங்கள். ஐந்தும் டபரா அளவு வட்டத்துக்குள் விழும் கடைசித் தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. முதல் மாதத்தில் பலருக்கு அது 80 கெஜம்கூட வராது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அதற்கு வெளியே நிற்பதைச் சுடாமல் இருந்தால் போதும். .223இன் ஸ்கோப்பை 200 கெஜத்தில் குறியிலேயே படும்படி சரிசெய்து வைத்தால் 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே படும், இடையில் எந்தத் தூரத்துக்கும் தனியாகக் கணக்குப் போட வேண்டாம். காற்றையும் மறக்காதீர்கள். மணிக்குப் பத்து மைல் பக்கக் காற்று இந்தக் குண்டை 200 கெஜத்தில் கிட்டத்தட்ட நான்கு அங்குலம் தள்ளும், உங்கள் வட்டமே அவ்வளவுதான். நான் 150 கெஜம் என்று மேலே சொன்னது இதை மனதில் வைத்துத்தான். காதுக்கு அடைப்பான் இல்லாமல் ஒரு தடவைகூடச் சுடாதீர்கள், அந்தச் சத்தத்தில் போன காது திரும்பி வராது.

சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றி ஸ்கோப்பிலேயே பார்த்துக்கொண்டிருங்கள். தலை தூக்கினால் தயங்காமல் மறுபடி சுடுங்கள், தோட்டாவை மிச்சம் பிடிக்கும் நேரம் இல்லை அது. ஓடியிருந்தால் கடைசியாகப் பார்த்த இடத்தை ஒரு மரத்தையோ கல்லையோ வைத்து மனதில் குறித்துக்கொண்டு போய்த் தேடுங்கள். கிட்டப் போனதும் முகத்துப் பக்கம் போகாமல், பின்னாலிருந்து குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமை அசையாவிட்டால் உயிரில்லை. வெறும் கையால் தொட வேண்டாம். 1988 முதல் தெற்கு டெக்சாஸில் கயோட்டிகளிடையே வெறிநோய் பரவி, 1995இலிருந்து விமானத்தில் தடுப்பு மருந்து இரை தூவித்தான் அதைக் கட்டுப்படுத்தினார்கள். இப்போது ஆபத்து குறைவு, ஆனாலும் கையுறை போடுங்கள்.

சட்டத்தில் நான் வக்கீல் அல்ல, ஆனால் நம்மவர்கள் பலருக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. எச்-1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் வைத்திருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. டெக்சாஸில் ஆட்டைத் தாக்கிய, தாக்க வரும் கயோட்டியைச் சுட வேட்டை உரிமமே வேண்டாம் என்று விதி இருக்கிறது, கயோட்டியைச் சுடக் கூடாது என்று தடை உள்ள பருவமும் கிடையாது. இதை நம்பி ஒரு விசாக்காரர் உரிமம் எடுக்காமல் விட்டால் துப்பாக்கியே சட்டவிரோதமாகிவிடும், இது குடியுரிமை வரை பாதிக்கும். நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, சந்தேகம் இருந்தால் குடிவரவு வக்கீலிடம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். புறநகர் மனைப்பிரிவாக இருந்தால் உங்கள் கவுண்டியில் சுடுவதற்கே கட்டுப்பாடு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. குட்டிகளைக் கொன்றது கயோட்டிதான் என்று பார்த்தீர்களா? அடுத்த முறை செத்த குட்டி கிடைத்தால் கழுத்துத் தோலை உரித்துப் பாருங்கள். கயோட்டி தொண்டையை, தாடைக்குக் கீழே, கடித்துப் பிடிக்கும். பல் துளையைச் சுற்றி உள்பக்கம் ரத்தம் கட்டியிருக்கும். ரத்தக் கட்டே இல்லை என்றால் குட்டி முன்பே செத்திருக்கிறது, கயோட்டி தின்ன மட்டும்தான் வந்தது. தொடை, வால், காது என்று பல இடத்தில் பிய்த்துக் குதறியிருந்தால் அது ஊர் நாய்களாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எல்லாக் கயோட்டியும் ஆடு பிடிப்பதில்லை. கலிபோர்னியாவில் ஹாப்லண்ட் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த ஆய்வுகளில், ஆட்டுக்குட்டிகளைக் கொன்றவை பெரும்பாலும் அந்த எல்லையைப் பிடித்துவைத்திருந்த இனப்பெருக்க ஜோடிகள் என்று தெரிந்தது. கண்ணில் படுவதையெல்லாம் சுட்டால் ஆடு தொடாத ஒரு ஜோடியை அகற்றிவிட்டு, தொடும் ஒன்றுக்கு இடம் விட்டதாகவும் ஆகலாம். நிறையச் சுட்டால் மிச்சமிருப்பவை அதிகக் குட்டி போட்டு ஈடுகட்டிவிடும் என்பதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓரளவு அப்படி நடக்கிறது, எவ்வளவு என்பதில் துறையில் இன்னும் வாதம் இருக்கிறது.

பதினான்கு ஆட்டுக்கு என் முதல் யோசனை ராத்திரிப் பட்டிதான். கயோட்டி பெரும்பாலும் இருட்டிலும் விடியற்காலையிலும் வரும். மின்வேலி போட்ட சின்னப் பட்டியில் அடைத்தாலே பாதிக் கவலை போய்விடும். ஒரு கிரேட் பிரெனீஸ் அல்லது அனடோலியன் காவல் நாய் வைத்தால் இன்னும் நல்லது. சான் ஏஞ்சலோவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அக்ரிலைஃப் மையத்தார் இந்த நாய்களை ஆட்டோடு பழக்குவது பற்றிச் சொல்லித்தருகிறார்கள், கூப்பிட்டுப் பேசுங்கள். நாய் வந்தபிறகு இருட்டில் வெப்பப்படக் கருவி வைத்துச் சுடுவதாக இருந்தால் ரொம்ப எச்சரிக்கை வேண்டும். அந்தத் திரையில் நாயும் கயோட்டியும் ஒரே வெள்ளை உருவம். தன் சொந்தக் காவல் நாயையே சுட்டுவிட்டு என்னிடம் தூக்கிவந்தவர் உண்டு.

இவ்வளவுக்கும் பிறகு சுடத்தான் வேண்டும் என்றால் ஜனவரி முதல் மார்ச்சுக்குள், உங்கள் ஆடுகள் குட்டி போடுவதற்குச் சற்று முன்பு முடித்துவிடுங்கள். அப்போது கயோட்டிகள் ஜோடி சேரும் காலம், கயோட்டி மாதிரி ஒலி எழுப்பிக் கூப்பிட்டால் வரும், எல்லையைப் பிடித்திருக்கும் ஜோடியே வர வாய்ப்பு அதிகம். அவற்றின் குட்டிகள் ஏப்ரல், மே வாக்கில் பிறக்கும். அதற்கப்புறம் பால் கொடுக்கும் தாயைச் சுட்டால், நீங்கள் எவ்வளவு சுத்தமாகச் சுட்டிருந்தாலும், வளைக்குள் ஐந்தாறு குட்டிகள் பட்டினியில் சாகும்.